பஸ்டர் கீட்டனின் சரிவுக்கு எம்.ஜி.எம். ஒப்பந்தம் மட்டுமே காரணமா?

கடைசி வரிசை (கேள்வி)

சென்ற வாரம் அமெரிக்க மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' படத்தை முதன்முறையாக முழுமையாகப் பார்த்தேன். ஓடும் ரயில் எஞ்சினின் முன்தடுப்புச் சட்டத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு பெரிய மரக்கட்டை. எதிரே தண்டவாளத்தின் குறுக்கே இன்னொரு கட்டை கிடக்கிறது. இறங்கி அகற்ற நேரமில்லை. கையிலிருக்கும் கட்டையைக் குறிபார்த்து அதன் ஒரு முனையில் எறிய, இரண்டும் தெறித்து ஓரமாக விழுகின்றன, எஞ்சின் நிற்காமல் போகிறது. அந்த ஒரு காட்சியை மட்டும் நான்கைந்து முறை திருப்பிப் பார்த்திருப்பேன்.

அதே ஆர்வத்தில், 1933இல் வெளிவந்த 'வாட்! நோ பியர்?' என்ற பேசும்படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. உடன் நடிக்கும் ஜிம்மி டுராண்டே ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க, கீட்டன் எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல ஒதுங்கி நிற்கிறார். முகம் வீங்கியிருக்கிறது, கண்கள் களைத்திருக்கின்றன. 'தி ஜெனரல்' 1926இல் படமாக்கப்பட்டது. இடையில் இருப்பவை ஏழே ஆண்டுகள்.

இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுவதைப் படித்திருக்கிறேன். ஒலி வந்தபோது பிற மௌனப்பட நடிகர்களைப் போலவே இவரும் அடிபட்டார் என்பது ஒன்று, குடி அவரை அழித்தது என்பது இரண்டாவது, 1928இல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோவான எம்.ஜி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டதுதான் அனைத்துக்கும் மூலம் என்பது மூன்றாவது. கடைசிக் காரணத்தை அவரே தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார் என்றும் அறிகிறேன். ஆனால் ஒரு கலைஞர் தம்முடைய சரிவைப் பற்றித் தாமே சொல்லும் காரணத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

---

கைப்பிடி (பதில்)

முதல் காரணத்தை உடனே தள்ளிவிடலாம். கீட்டனின் குரல் தடித்து, சற்றே கரகரத்த குரல். அந்த முகத்துக்குப் பொருந்தாத குரல் என்று யாரும் சொல்ல முடியாது. மேலும் அவர் மௌனத்தில் பிறந்தவர் அல்லர். 1895இல் கான்சாஸ் மாநிலத்தின் பிக்வா என்ற சிற்றூரில் நாடோடிக் கலைஞர்களான ஜோ, மைரா தம்பதிக்குப் பிறந்து, நடக்கப் பழகிய சில ஆண்டுகளிலேயே வோட்வில் என்ற பல்சுவை மேடைக்கு வந்தவர். முதுகில் சட்டையோடு சேர்த்து ஒரு பெட்டிக் கைப்பிடியைத் தைத்திருப்பார்கள். தந்தை அதைப் பிடித்துச் சிறுவனை மேடைத் திரையை நோக்கி வீசுவார். குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கத்தினர் நியூயார்க்கில் பலமுறை தலையிடும் அளவுக்கு அந்த நிகழ்ச்சி முரட்டுத்தனமாக இருந்தது. விழும்போது சிரித்தால் பார்வையாளர்கள் சிரிப்பதில்லை என்பதைச் சிறுவன் அங்கேதான் கற்றுக்கொண்டான். ('பஸ்டர்' என்ற பெயரை மாய வித்தைக்காரர் ஹூடினி வைத்தார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவந்த கதை. கேட்க நன்றாயிருக்கிறது, அதற்கு மேல் அதை நம்ப வேண்டியதில்லை.) பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மேடையில் பேசியும் பாடியும் விழுந்தும் பழகிய ஒருவருக்கு ஒலிவாங்கி எப்படி எதிரியாகும்? தொடக்கக்காலப் பேசும்படங்கள் சிலவற்றை அவர் ஆங்கிலத்தில் முடித்த கையோடு, அறியாத மொழிகளான ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வசனங்களை ஒலியளவில் மனப்பாடம் செய்து மறுபடி நடித்துக் கொடுத்தார். ஒலிக்கு அஞ்சியவர் செய்யும் வேலையா இது?

அவர் இழந்தது வேலை செய்யும் முறையை. 1920இல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் அவருக்கென ஒரு சிறிய ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்த பிறகு எட்டு ஆண்டுகள் கீட்டன் எழுதி முடித்த திரைக்கதை என்ற ஒன்றை வைத்துக்கொண்டு படமெடுத்ததே இல்லை. கதையின் தொடக்கமும் முடிவும் கிடைத்தால் போதும், நடுப்பகுதி தானாக அமைந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. எங்காவது சிக்கல் வந்தால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு அனைவரும் பேஸ்பால் விளையாடப் போவார்கள். ஆட்டத்தின் நடுவில் யாருக்காவது வழி தோன்றினால் மட்டையைப் போட்டுவிட்டு மீண்டும் கேமராவுக்கு ஓடுவார்கள். இப்படி வேலை செய்ய ஒரு நிலையான குழு வேண்டும். நகைச்சுவை யோசிக்க க்ளைட் ப்ரக்மன், ஜீன் ஹாவேஸ். இயந்திர அமைப்புகளுக்கு ஃப்ரெட் கபூரி. ஒளிப்பதிவுக்கு எல்ஜின் லெஸ்லி.

லெஸ்லியின் திறமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1921இல் வந்த 'தி ப்ளேஹவுஸ்' குறும்படத்தில் ஒரே சட்டகத்தில் ஒன்பது கீட்டன்கள் வரிசையாக உட்கார்ந்து நிகழ்ச்சி நடத்துகிறார்கள். கேமராவின் முன் ஒளிமறைப்புப் பட்டைகளைப் பொருத்தி, சட்டகத்தில் ஒன்பதில் ஒரு பங்கை மட்டும் திறந்து படமெடுத்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பட்டையைத் திறந்து மறுபடி எடுக்க வேண்டும். இப்படி ஒன்பது முறை. கேமராவைக் கையால் சுழற்றிய காலம் அது. ஒன்பது தடவையும் கை ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். எட்டாவது தடவையில் பிசகினாலும் முதல் ஏழும் வீண். அந்தப் புகழ் முழுவதும் லெஸ்லிக்கே உரியது என்று கீட்டன் பின்னாளில் சொல்லிவந்தார்.

எம்.ஜி.எம்.மில் நிலைமை வேறு. ஒவ்வொரு ஷாட்டும் முன்கூட்டியே எழுதப்பட்டு, செலவு கணக்கிடப்பட்டு, பல மேசைகளைக் கடந்து ஒப்புதல் பெற வேண்டும். ஆபத்தான சாகசங்களைத் தாமே செய்ய அவருக்கு அனுமதியில்லை. விலை உயர்ந்த நட்சத்திரத்துக்கு அடிபட்டால் நிறுவனத்துக்கு இழப்பு. 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய நீரின் விசையில் தண்டவாளத்தில் பின்கழுத்து மோத விழுந்து, சில நாள் தலைவலியோடு வேலையைத் தொடர்ந்து, கழுத்தெலும்பு முறிந்திருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே படத்தில்தான் அறிந்துகொண்ட மனிதரிடம் இதைச் சொன்னார்கள்.

முதல் எம்.ஜி.எம். படமான 'தி கேமராமேன்' மட்டும் தப்பித்தது. நியூயார்க் தெருக்களில் எடுக்கப் போனபோது கூட்டம் அவரை அடையாளம் கண்டு போக்குவரத்தே நின்றுபோனது. எழுதி வைத்த திரைக்கதை அங்கே பயன்படாது என்று தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பர்க்கிடம் பேசி அவர் ஓரளவு சுதந்திரம் பெற்றார். ஒளிப்பதிவாளர்களில் லெஸ்லியும் இருந்தார். ஆளில்லாத யாங்கி ஸ்டேடியத்தில் தனியொருவராக நின்று, பந்தும் மட்டையும் இல்லாமல், ஒரு முழு பேஸ்பால் ஆட்டத்தை அவர் நடித்துக் காட்டும் இடம் பழைய முறையில் பிறந்த காட்சி என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். 1930இல் வந்த 'ஃப்ரீ அண்ட் ஈஸி' படத்தின் முடிவையும் பாருங்கள்: சிரிக்காத அந்த முகத்தின்மேல் கோமாளிச் சாயம் பூசி, கயிற்றில் ஆடும் பொம்மையாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவருடைய கலை எதில் இருக்கிறது என்பதை அந்த நிறுவனத்தில் ஒருவரும் அறியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

---

தொகுப்பு மேசை

கைப்பிடி எழுதியதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் இக்கதையை "கலைஞனும் கொடிய நிறுவனமும்" என்று சுருக்கும்போது பணக்கணக்கு காணாமல் போய்விடுகிறது. எனக்கு அந்தக் கணக்குத்தான் முக்கியமாகப் படுகிறது.

'தி ஜெனரல்' இன்று எல்லோரும் கொண்டாடும் படம். 1989இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றது. வெளிவந்த காலத்தில் அது தோல்விப் படம். ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் க்ரோவ் நகரை மையமாகக் கொண்டு ஏறத்தாழ 7,50,000 டாலர் செலவில் எடுத்தார்கள். எரியும் பாலத்தின்மீது உண்மையான எஞ்சினை ஓட்டி ஆற்றில் விழச் செய்த அந்த ஒரே ஷாட்டுக்கு 42,000 டாலர் ஆனதாகச் சொல்வார்கள். மறுமுறை எடுக்க வாய்ப்பே கிடையாது. விழுந்த எஞ்சின் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய இரும்புக்காக எடுக்கப்படும்வரை ஆற்றிலேயே கிடந்தது. இவ்வளவு செலவிட்ட படம் அமெரிக்காவில் 5,00,000 டாலரைக்கூட ஈட்டவில்லை. விமர்சகர்கள் பலரும் அதை நீளமானது, சலிப்பூட்டுவது என்றே எழுதினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மனிதர்கள் சாவதை நகைச்சுவைப் படத்தில் காட்டியது சிலருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த படங்களும் இழப்பை ஈடுகட்டவில்லை. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தின் முடிவை வெள்ளமாக வைத்திருந்தார்கள்; 1927இல் மிசிசிப்பி ஆற்றில் பெருவெள்ளம் வந்து பல உயிர்களைப் பறித்ததால், போட்ட அரங்கங்களை மாற்றிச் சூறாவளியாக்க வேண்டியதாயிற்று. இரண்டு டன் எடையுள்ள வீட்டின் முகப்புச் சுவர் அப்படியே சாய்ந்து விழ, திறந்த ஜன்னலின் வெற்றிடம் சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து பொருந்தும் உலகப் புகழ்பெற்ற காட்சி, இந்த மாற்றத்தால் கிடைத்ததுதான். அதையும் அக்காலப் பார்வையாளர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

ஷெங்க் ஸ்டூடியோவை மூடிக் கீட்டனை எம்.ஜி.எம்.முக்கு அனுப்பியதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சாப்ளினும் ஹெரால்ட் லாயிடும் போகாதீர்கள் என்று எச்சரித்ததாகக் கீட்டன் எழுதுகிறார். அந்த இருவருக்கும் தங்கள் படங்கள் தங்களுக்கே சொந்தம். "மாட்டேன்" என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம் துணிச்சல் மட்டுமல்ல. 'பஸ்டர் கீட்டன் புரொடக்‌ஷன்ஸ்' என்ற நிறுவனத்தில் பஸ்டர் கீட்டனுக்கு ஒரு பங்குகூடக் கிடையாது! அவர் சம்பளமும் இலாபத்தில் ஒரு பகுதியும் பெறும் ஊழியர். போதாக்குறைக்கு ஷெங்க் குடும்பத்து ஆள்: கீட்டனின் மனைவி நாடலி டால்மட்ஜின் அக்காள் நார்மாவைத் திருமணம் செய்தவர். எம்.ஜி.எம்.மின் தாய் நிறுவனமான லோஸ் நிறுவனத்துக்குத் தலைவரோ ஷெங்கின் தம்பி நிக்கோலஸ். சகலையின் கையிலிருந்து அவருடைய தம்பியின் கைக்குச் சரக்கு மாறியது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்; சரக்கைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

கசப்பான இன்னொன்றும் உண்டு. வாரம் 3,000 டாலர் சம்பளத்தில் அவர் வெறுத்துக்கொண்டே நடித்த தொடக்கப் பேசும்படங்கள் பொதுவாக நல்ல வசூலைப் பெற்றன. அவருடைய சொந்தப் படங்களைவிடக் கூடுதலாகவே ஈட்டின. தால்பர்க்கின் இடத்தில் அமர்ந்து அந்த ஏடுகளைப் பார்த்தால், எதையும் மாற்ற வேண்டிய தேவை உங்களுக்கும் தோன்றியிருக்காது.

---

கடைசி வரிசை

இருவருக்கும் நன்றி. பங்கு இல்லை என்ற செய்தி எனக்குப் புதியது. அதைப் படித்த பிறகு 1928ஆம் ஆண்டு முடிவை "அவர் செய்த தவறு" என்று அழைப்பதுகூடப் பொருந்துமா என்று தோன்றுகிறது. குடியைப் பற்றி மட்டும் இருவரும் எதுவும் சொல்லவில்லையே? நான் பார்த்த 1933ஆம் ஆண்டு முகம் நினைவிலிருந்து அகலவில்லை.

---

நடுப்பகுதி

குடி காரணமா விளைவா என்ற கேள்விக்கு, ஆண்டு வரிசை ஓரளவு விடை தருகிறது. கீட்டன் 1928க்கு முன்பும் குடித்தவர்தான். குடும்பத்தில் அது புதிதன்று. தந்தை ஜோவின் குடி மிகுந்து மேடையில் பையனை வீசுவதே உயிருக்கு ஆபத்தாகிவிட்டதால்தான் 1917இல் தாயும் மகனும் அவரை விட்டு விலகினார்கள், குழு உடைந்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் நகைச்சுவைப் பட நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளைச் சந்தித்து இவர் சினிமாவுக்கு வந்தார். ஆக, குடி எதைச் செய்யும் என்பதை அருகிலிருந்து பார்த்தவர். ஆயினும் 1920 முதல் 1928 வரை அவருடைய எந்தப் படத்திலும் அதன் நிழல் தெரியவில்லை. காலையில் உடல் தப்பாமல் இயங்கியாக வேண்டிய வேலை இருந்தவரை குடி ஓர் எல்லைக்குள் இருந்தது என்றே நான் கருதுகிறேன். யோசிக்கவும் குதிக்கவும் தேவையில்லை, வந்து வசனம் பேசினால் போதும் என்ற நிலை வந்தபிறகு அந்த எல்லை உடைந்தது. 1932இல் மணமுறிவு, பெவர்லி ஹில்ஸில் கட்டிய மாளிகை கைவிட்டுப் போனது, இரண்டு மகன்களின் குடும்பப் பெயரையும் நாடலி தம் குடும்பப் பெயரான டால்மட்ஜ் என்று மாற்றிவிட்டார். 1933 தொடக்கத்தில் எம்.ஜி.எம். தலைவர் லூயி மேயர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். நீங்கள் பார்த்த படம் அந்த மாதங்களில் வந்தது. உங்களால் அதை முழுதும் பார்க்க முடியாமல் போனதில் வியப்பில்லை.

ஆனால் பலரும் இந்த இடத்தில் கதையை முடித்து, "பாவம், அப்படியே அழிந்துபோனார்" என்று எழுதிவிடுகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த சில ஆண்டுகள் மிக மோசமானவைதான்: 1933இல் தம்மைப் பார்த்துக்கொண்ட செவிலியரையே மணந்து 1936இல் பிரிந்தார், 1935இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், மலிவான குறும்படங்களில் வரிசையாக நடித்தார். அதன்பின் அவர் எழுந்தார். தம்மை வெளியேற்றிய அதே எம்.ஜி.எம்.மில் வாரம் 100 டாலருக்கு, பெயர் வராத நகைச்சுவை ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்தார். வாரம் 3,000 டாலர் வாங்கிய இடம் அது. இதைப் பரிதாபமாகவும் பார்க்கலாம். எனக்கோ அவருடைய மூளை சற்றும் பழுதடையவில்லை என்பதற்குச் சான்றாகப் படுகிறது. 1948இல் ரெட் ஸ்கெல்டன் நடித்த 'எ சதர்ன் யாங்கி' படத்தில் இரு படைகளுக்கும் நடுவே நாயகன் நடந்து போவான், ஒரு பக்கம் நீலச் சீருடை, மறுபக்கம் சாம்பல் சீருடை, கொடியும் அப்படியே. இரு தரப்பும் தங்கள் ஆள் என்று ஆரவாரிக்கும். அந்த யோசனை கீட்டனுடையது. அதே உள்நாட்டுப் போர், அதே எளிய வடிவியல். பெயர் மட்டும் இல்லை.

1940இல் எலினார் நாரிஸ் என்ற இளம் நடனக்கலைஞரை மணந்தார். அவருக்கு வயது 21, கீட்டனுக்கு 44. நிலைக்காது என்றார்கள், கீட்டன் சாகும்வரை நிலைத்தது. 1947இல் பாரிஸின் மெத்ரானோ சர்க்கஸில் நேரடியாக மேடையேறினார். 1949இல் 'லைஃப்' இதழில் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி மௌன நகைச்சுவை பற்றி எழுதிய நீண்ட கட்டுரை மக்களுக்கு அவரை நினைவூட்டியது. தொலைக்காட்சி வந்தபோது, மற்ற பழைய நட்சத்திரங்கள் அதை இளக்காரமாகப் பார்த்த நேரத்தில், இவர் மகிழ்ச்சியோடு அதற்குள் நுழைந்தார். 1957இல் பாரமவுண்ட் எடுத்த அவருடைய வாழ்க்கைப் படம் படுமோசமானது. ஆனால் அதற்குக் கிடைத்த 50,000 டாலரில் உட்லண்ட் ஹில்ஸில் ஒரு வீடு வாங்கிக் காய்கறி பயிரிட்டு, கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். தம் அடையாளமான தட்டைத் தொப்பிகளையும் கடைசிவரை தாமே செய்துகொண்டார்: நல்ல தொப்பி ஒன்றை வாங்கி, வெட்டிச் சிறிதாக்கி, விளிம்பைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து விறைப்பாக்குவது அவருடைய முறை.

---

தொகுப்பு மேசை

நடுப்பகுதி சொன்னதை ஏற்கிறேன். பங்கு இல்லாததன் விளைவு இன்னொரு வகையிலும் தொடர்ந்தது என்பதை மட்டும் சேர்க்கிறேன். படங்கள் அவருக்குச் சொந்தமில்லை என்பதால் அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பும் யாருக்கும் இல்லாமல் போனது. சாப்ளினின் படங்கள் பெட்டகத்தில் இருந்தன. கீட்டனின் படங்களில் சில, அவர் இழந்த அதே பெவர்லி ஹில்ஸ் மாளிகையில், பின்னாளில் அதை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசனின் கண்ணில் பட்டன. தீப்பற்றக்கூடிய நைட்ரேட் சுருள்கள் அவை, சிதையத் தொடங்கியிருந்தன. 1950களில் ரேமண்ட் ரோஹவர் என்ற திரைப்பட விநியோகஸ்தர் கீட்டனோடு கூட்டுச் சேர்ந்து, கிடைத்தவற்றையெல்லாம் புதிய படச்சுருளுக்கு மாற்றி, உரிமைகளை ஒவ்வொன்றாகத் திரட்டினார். ரோஹவரின் வழிமுறைகள் பற்றிப் பலருக்கும் பல புகார்கள் உண்டு. ஆனால் அவர் இல்லாமல் இருந்திருந்தால் இன்று இந்த விவாதத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

---

கைப்பிடி

வசூல் பற்றித் தொகுப்பு மேசை சொன்னது சரி. நான் அதை விட்டுவிட்டு எழுதியது குறைதான். ஆனால் வேலைமுறைதான் அடிப்படை என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதற்கு அவருடைய கடைசி ஆண்டுகளிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது.

1964இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 'தி ரயில்ராடர்' என்ற வசனமில்லாத குறும்படத்தில் நடித்தார். சிறிய மோட்டார் தள்ளுவண்டி ஒன்றில் ஏறி ரயில்பாதை வழியாகவே கனடாவைக் குறுக்காகக் கடக்கும் மனிதரின் கதை. அதைப் படமாக்கிய விதத்தை 'பஸ்டர் கீட்டன் ரைட்ஸ் அகேன்' என்ற ஆவணப்படமாகவும் எடுத்திருக்கிறார்கள். கடைசி வரிசை அதை அவசியம் பார்க்க வேண்டும். உயரமான ரயில் பாலம் ஒன்றின்மீது வண்டி போகும்போது, ஒரு பெரிய வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கும் மனிதர் காற்றில் அதிலேயே சிக்கிக்கொண்டு கண் தெரியாமல் பாலத்தைக் கடக்க வேண்டும் என்பது கீட்டனின் யோசனை. இயக்குநர் ஜெரால்ட் பாட்டர்டன் பயந்துபோய், அவ்வளவு ஆபத்தான இடத்தில் வேண்டாம் என்று மாற்ற முயல்கிறார். கீட்டன் தங்கியிருந்த ரயில் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு முறையிடுகிறார்: அது ஆபத்தே இல்லை, பாலம் இல்லாவிட்டால் அந்த வேடிக்கைக்குப் பொருளே இல்லை. அறுபத்தொன்பது வயது, தீராத இருமல். நுரையீரல் புற்றுநோய் 1966 பிப்ரவரி 1 அன்று அவர் உயிரைப் பறித்தது. ஆனால் அந்தப் பெட்டியில் பேசிக்கொண்டிருப்பவரின் முகத்தில், 'வாட்! நோ பியர்?' படத்தில் நீங்கள் பார்த்த களைப்பு கொஞ்சமும் இல்லை. ஒரு காட்சியை எப்படி அமைப்பது என்று வாதாட முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறார்.

வாதத்தில் வென்றது கீட்டன்தான். வரைபடத்தைச் சுற்றிக்கொண்டு, பாலத்தின்மீதே அந்தக் காட்சியை எடுத்தார்கள்.